எந்த வேலை முதலில்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சீரமைத்துக் காக்க 40 திட்டங்கள் வந்து நிற்கின்றன. கையில் இருக்கும் பணம் எட்டுக்குத்தான் போதும். எந்த எட்டு? பெரும்பாலான குழுக்கள் பயன், வெற்றி வாய்ப்பு, செலவுச் சிக்கனம் என ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடுகின்றன. பிழை அந்தக் கூட்டலில்தான் தொடங்குகிறது.

ஒரு திட்டத்துக்குப் பயன் 10, வெற்றி வாய்ப்பு 1, சிக்கனம் 9. கூட்டினால் 20. இன்னொன்றுக்கு 6, 8, 5; மொத்தம் 19. பத்தில் ஒரு பங்கே நடக்க வாய்ப்புள்ள திட்டம் முதலிடம் பிடித்துவிடுகிறது! கூட்டாமல் பெருக்கி வகுத்துப் பாருங்கள்: பயனை வெற்றி வாய்ப்பால் பெருக்கி, வருவதைச் செலவால் வகுக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு 1 என்றால் பத்தில் ஒன்று, அதாவது 0.1; 8 என்றால் 0.8. முதல் திட்டத்தின் செலவு 2 பங்கு, இரண்டாவதன் செலவு 6 பங்கு என்றால், முதலாவதுக்கு 0.5, இரண்டாவதுக்கு 0.8. வரிசை தலைகீழாகிறது. நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுக்கான திட்டங்களை இந்த வகைக் கணக்கால்தான் வரிசைப்படுத்தியது.

இதில் அதிகம் தடுமாறுவது 'பயன்' என்ற இடத்தில். ஓர் இடத்தில் எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்பது பயன் ஆகாது. திட்டம் நடந்தால் பத்து ஆண்டில் என்ன நிலை, நடக்காவிட்டால் என்ன நிலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பயன். ஏற்கெனவே நன்றாகக் காக்கப்படும் அடர்காட்டில் இன்னொரு காவல் குடிசை கட்டினால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. செலவிலும் பராமரிப்பைச் சேர்த்தாக வேண்டும். ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஒருமுறை அள்ளிக் கரையேற்றும் கூலியை மட்டும் எழுதினால் அது பொய்க் கணக்கு.

அடுத்து, நீர் போகும் திசை. தனித்தனியே நல்ல மதிப்பு வாங்கிய வேலைகளும் முறை மாறிச் செய்தால் வீணாகும். மண்ணரிப்பைத் தடுக்கும் வேலை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க வேண்டும். மேல்சரிவு வெறுந்தரையாகக் கிடக்கும்போது கீழே தடுப்பணை கட்டினால், சில கனமழைகளிலேயே வண்டல் நிரம்பி மேடாகிவிடும். ஓடைக் கல் தடுப்புகளில், கீழ்த் தடுப்பின் மேல்மட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒரே மட்டத்தில் இருப்பது விதி. 1 மீட்டர் உயரத் தடுப்பு, 5 சதவீதச் சரிவு என்றால் இடைவெளி 20 மீட்டர். நடுப்பகுதி தாழ்ந்திருக்க வேண்டும், இரு முனைகளும் கரைக்குள் புதைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு போகும்.

கடலிலிருந்து ஏறிவரும் மீன்களுக்கு முறை நேர் எதிர். கீழ்த்தடையை முதலில் நீக்க வேண்டும். அமெரிக்காவின் எல்வா ஆற்றில், கடலுக்குச் சில கிலோமீட்டர் மேலே இருந்த கீழணை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சால்மன் மீன்களை மறித்தது. அது இருக்கும்வரை மேலணையை மட்டும் இடித்திருந்தால் ஒரு மீன்கூட மேலே போயிருக்காது. 2011 முதல் 2014 வரை இரண்டையுமே அகற்றினார்கள். சாலைக்கடியில் போகும் சிறு குழாய்ப் பாலங்களுக்கும் இதே கணக்குதான். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் தொங்கினால் சிறு மீன்களுக்கு அது ஓர் அணை. ஆனால் பெரிய அணையை இடிப்பதோடு ஒப்பிட்டால் சரிசெய்யும் செலவு மிகக் குறைவு. பட்டியலில் இவை மேலே வருவது எனக்கு வியப்பில்லை. யாரும் பட்டியலில் சேர்க்காமலே விடுவதுதான் வருத்தம்.

வேலை தொடங்கும் முன், மழைக்காலமும் வறண்ட காலமும் அடங்கிய ஓர் ஆண்டாவது நீரின் கலங்கலையும் உயிரினங்களையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்காத, அதே தன்மையுள்ள இன்னோர் ஓடையையும் கூடவே அளக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாற்றம் திட்டத்தால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஒவ்வொரு திட்டம் முடிந்ததும் மீதிப் பட்டியலை மறுபடி கணக்கிட வேண்டும். கீழ்த்தடை போனதும், நேற்று பயன் பூச்சியமாக இருந்த மேல்தடை இன்று பட்டியலின் தலைக்கு வந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.