கோந்து இல்லாத ஆல்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் 1970-களிலும் 80-களிலும் எடுத்த கலர் போட்டோக்கள் இருந்தால், இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பச்சைப் பட்டுப்புடவை பழுப்பாகியிருக்கும். முகமெல்லாம் செம்மண் பூசினாற்போல் இருக்கும். அதே பீரோவில் கிடக்கும் தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் பளிச்சென்று இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகளால் ஆனது, அது சுலபத்தில் அழியாது. கலர்ப் படத்தில் இருப்பது சாயம். அந்தக் காலத்துக் கலர்த் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தால்கூட முதலில் மங்கும், சிவப்பு மட்டும் மிஞ்சும். பழைய படத்துக்குத்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் முதலில் காப்பாற்ற வேண்டியது அம்மா அப்பா கல்யாணத்துக் கலர்ப் படங்களைத்தான்.

ஒட்டுப்புத்தகம் செய்கிறவர்களோடு பேசத்தான் நான் வந்திருக்கிறேன். பழைய நோட்டில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியவர்கள், வார இதழ்த் தொடர்கதையை வாராவாரம் பிரித்துச் சேர்த்து பைண்டரிடம் கொடுத்தவர்கள், கல்யாணப் பத்திரிகையையும் பிரயாணச் சீட்டையும் குழந்தையின் முதல் கிறுக்கலையும் தூக்கிப்போட மனசில்லாமல் ஆல்பத்தில் செருகியவர்கள். எனக்கும் சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. சில வருடங்களாக அதே வேலையைக் கணினியில் செய்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவர் என்ற முறையில் சொல்கிறேன்: பசையும் கத்திரியும் போகலாம். எதை வைப்பது என்று தேர்ந்தெடுத்ததும், பக்கத்தில் நாலு வரி எழுதியதும் போகக்கூடாது.

இது எல்லா ஊருக்கும் பொதுவான ஆசை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல், முன்கூட்டியே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டுப்புத்தகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கத்தை ஈரப்படுத்தி ஒட்டினால் போதும். நம் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்கவில்லை. கல்யாண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், செய்தித் துணுக்கு என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அது ஓர் ஆராய்ச்சி நூலகம். ஒரு தனிமனிதரின் சேர்க்கும் பழக்கத்தால் எத்தனை ஆய்வாளர்கள் பயன்பெறுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நம் வீட்டு ஒட்டுப்புத்தகத்தை அழிக்கிற எதிரிகள் பலர். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, அமிலமாகி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் போட்டோவையும் கெடுக்கும். செல்லோடேப் காய்ந்து உதிரும், கறை மட்டும் நிற்கும். குண்டூசி துருப்பிடிக்கும். மைதா பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். அதற்காகத்தான் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். எல்லாவற்றையும்விட மோசம், பிளாஸ்டிக் தாளைத் தூக்கி உள்ளே படத்தை ஒட்டவைக்கும் ஆல்பம். அதில் பசைக்கோடுகள் படத்தோடு இறுகிவிடும். இழுத்தால் கிழியும். பிளாஸ்டிக்கை மட்டும் மெல்லத் தூக்கிவிட்டு, முழுப் பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். படத்தைப் பிரிப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

சாதாரண போஸ்ட்கார்டு அளவுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுச் சின்னப் படமானால் 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையின் நீலமும் ஓரத்தில் யாரோ போட்ட சிவப்பு மையும் அப்போதுதான் தெரியும். படத்தின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். தேதி, ஊர், ‘அன்புடன்’ என்று எழுதிய கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். பத்திரிகைத் துணுக்குக்கும் இதே கதைதான். நோட்டில் ஒட்டியதும் அதன் மறுபக்கம் நமக்கு இல்லாமல் போனது. இப்போது இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனர் இல்லாதவர்கள் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், போனை நேர் மேலாகப் பிடித்து எடுத்தாலும் நன்றாகவே வரும்.

இனி பக்கம் செய்வது. 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகிப்போன அளவு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் அது 3600-க்கு 3600 புள்ளி. கிம்ப் என்பது படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள். கேன்வா போனிலேயே ஓடும். எதுவானாலும் அடிப்படை லேயர்தான். ஒவ்வொரு படமும் எழுத்தும் தனித்தனி அடுக்காக இருக்கும். நகர்த்தலாம், சின்னதாக்கலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கோந்து காய்ந்த பிறகு நினைப்பை மாற்ற முடியாது என்ற பயமே கிடையாது. குரூப் போட்டோவில் பாட்டியை மட்டும் தனியே எடுக்க அசலில் கத்திரி வைக்க வேண்டியதில்லை.

அலங்காரத்துக்கு ரெடிமேட் தொகுப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் மேப்பிள் இலை, பனித்துளி, ரோஜா ரிப்பன். மதுரைச் சித்திரைத் திருவிழாப் படத்தைச் சுற்றி மேப்பிள் இலை எதற்கு? நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. சுங்குடிச் சேலையை ஸ்கேனர் கண்ணாடிமேல் விரித்து ஸ்கேன் செய்து பாருங்கள், அதைவிட நல்ல பின்னணி கிடையாது. அம்மாவின் கோல நோட்டு, நீல நிற இன்லேண்ட் லெட்டர், மஞ்சள் தடவிய பத்திரிகை மூலை எல்லாமே அலங்காரம்தான்.

கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆச்சி எழுதிவைத்த சாம்பார்ப்பொடி அளவுச் சீட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்கேன் செய்து பக்கத்தின்மேல் ஓர் அடுக்காக வைத்து, கிம்ப்பில் அந்த அடுக்கின் முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்றுங்கள். தாளின் வெள்ளை மறைந்து மை மட்டும் நிற்கும். ஆச்சியே நேராக அந்தச் சேலைப் பின்னணியில் எழுதியமாதிரி இருக்கும். முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் எழுதும் குறிப்பையும் முடிந்தால் தாளில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து சேருங்கள். நம் கையெழுத்தைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளுக்கு வேறு எங்கே வாய்ப்பு?

தட்டச்சுத்தான் சௌகரியம் என்றால் யூனிகோடு எழுத்துருவில் மட்டும் தட்டுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகள்தான் வருகின்றன. கவிவனார் எழுத்துருவில் கையெழுத்துச் சாயல் உண்டு, ஆல்பத்துக்கு அழகாகப் பொருந்தும். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பக்கத்தை முடிப்பதற்கு முன் ‘கொ’, ‘பௌ’ போன்ற எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள்.

அந்தக் குறிப்பில் என்ன எழுதுவது? ‘குடும்பத்துடன்’ என்று எழுதினால் யாருக்குப் பயன்? இடமிருந்து வலம் பெயர், உறவு, ஊர், வருஷம் எல்லாம் வேண்டும். அத்தை என்று எழுதினால் போதாது, யாருடைய அத்தை என்று எழுதுங்கள். உங்கள் பிள்ளைக்கு அவர் பாட்டி முறை. தெரியாதவற்றைக் கேட்கப் பெரியவர்கள் இருக்கும்போதே போய் உட்காருங்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொல்லுங்கள். “இது யாரு பெரியம்மா?” என்று கேட்டால் போதும். “இதுவா, இது நம்ம தென்காசி சித்தப்பா, அன்னிக்கு மழை, போட்டோக்காரர் வரவே இல்ல, பக்கத்து வீட்டுத் தம்பி எடுத்தது” என்று எந்த ஆல்பத்திலும் இல்லாத செய்தி வந்து விழும். அவர் சொன்ன வார்த்தைகளையே குறிப்பாக எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஒலிக்கோப்பையும் அந்தப் பக்கத்தோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். காகிதத்தில் குரலை ஒட்ட முடியாது. கணினிக்கு மாறியதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. ஸ்கேன் செய்த படத்துக்குக் கணினி இன்றைய தேதியைத்தான் போடும். 1974 கல்யாணம் இந்த வருஷப் படங்களோடு போய் நிற்கும். ஆகவே பெயரின் தொடக்கத்தில் வருஷம், பிறகு நிகழ்ச்சி, பிறகு ஊர். அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பு ஒன்று, பார்ப்பதற்கு ஜேபெக் எனும் சாதாரணப் படக் கோப்பு ஒன்று. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும், திருத்தம் எப்போதும் மூலத்தில்தான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நம் ஈரக்காற்றில் பழைய சிடிக்களில் பூஞ்சை பிடிக்கிறது. அவற்றில் கிடக்கும் கல்யாணப் படங்களை இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

அசலைத் தூக்கிப்போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஸ்கேன் என்பது பிரதி. அசலை அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சமையலறையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளியுள்ள அலமாரியில் வையுங்கள். இனி யாரும் அதை அடிக்கடி புரட்ட வேண்டியதில்லை, அதனாலேயே அதன் ஆயுள் கூடும்.

செய்த பக்கங்களைத் திரையிலேயே விட்டுவிடாமல் அச்சிட்டுப் புத்தகமாக்குங்கள். அம்மாவின் ஆல்பம் யாருக்கு என்று அண்ணன் தங்கைகளுக்குள் மனக்கசப்பு வந்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது நாலு பிள்ளைகளுக்கும் நாலு பிரதி போடலாம், ஒன்று சிங்கப்பூருக்கும் போகலாம். முதல் பக்கத்தில் யார் செய்தது, எந்த வருஷம், தகவல் சொன்னவர் யார் என்று மட்டும் மறக்காமல் போடுங்கள்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.