ஊதாக் கால்சட்டைத் தாத்தா

வணக்கம் நேயர்களே. மூத்தோர் ரக்பி பற்றிப் பேச வாருங்கள் என்று இந்த நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது என் மனைவி பக்கத்தில்தான் இருந்தார். "பேச்சோடு நிறுத்திக்கொண்டால் சரி" என்றார். எனக்கு இப்போது 59 வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். அதற்கு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மைதானத்தில் விழுந்தால் மட்டும் பிள்ளைகள் ஜொகூரிலிருந்து போன் போடுகிறார்கள்.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுகிறவரைப் பிடித்துச் சாய்ப்பதுமான ஆட்டம். நம் வீடுகளில் அவ்வளவாகப் புழங்காதது. கால்பந்து என்றால் தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அணி இருந்தது. ஹாக்கியிலும் நம்மவர்கள் பெயர் எடுத்திருக்கிறார்கள். ரக்பி மட்டும் பெரும்பாலும் விடுதிப் பள்ளிகளிலும் ராணுவத்திலும் போலீசிலும் வளர்ந்தது. நான் அதில் போய் மாட்டிக்கொண்டது 13 வயதில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து டவுன் பள்ளிக்குப் போன முதல் வாரம், உடற்கல்வி ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆள் குட்டை, தோள் அகலம். பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்கு ரப்பர்ப் பால் வாளி தூக்கிய தோள். "ஹூக்கர்" என்றார். அது என்ன என்று திருப்பிக் கேட்கும் அளவுக்கு எனக்கு அப்போது மலாய் ஓடவில்லை.

அந்தப் பந்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரக்பி நகரத்தில் ரிச்சர்ட் லிண்டன் என்று ஒரு செருப்புத் தொழிலாளி பந்து தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தோல் உறைக்குள்ளே பன்றியின் மூத்திரப்பையை வைத்து வாயால் ஊதுவார்கள். ஊதும் வேலை அவர் மனைவிக்கு. நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதி ஊதியே அந்த அம்மாள் இறந்துபோனார் என்பார்கள். அதன் பிறகுதான் லிண்டன் ரப்பர் பைக்கு மாறினார். நம் பால்மரம் மலாயாவுக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1877இல். கோலகங்சாரில் அன்றைக்கு நட்டவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆகவே லிண்டனின் ரப்பர் நம் ஊர் ரப்பர் அல்ல. ஆனால் 13 வயதில் இந்தக் கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும்? பள்ளியில் கொடுத்த பந்தை வீட்டுக்குக் கொண்டுபோய், "இதுக்குள்ளே இருக்கிறது ரப்பர்தான்" என்று அப்பாவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தார். "நாம எடுத்த பாலா இருக்கும். கீழே போடாதே" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி.

ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து எதிரெதிரே முட்டி நிற்பது. அதில் முன்வரிசையின் நடுவில் நிற்பவன் ஹூக்கர். இரண்டு பக்கமும் ப்ராப் என்று இரண்டு பெரிய உருவங்கள். ஹூக்கர் தன் இரண்டு கைகளையும் அவர்கள் முதுகின் மேல் போட்டுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வான். பின்னால் ஐந்து பேர் முட்டுக்கொடுப்பார்கள். எதிரே அதே மாதிரி எட்டுப் பேர். பந்து உள்ளே வரும்போது அவனுக்குக் கை கிடையாது, காலால் மட்டும் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். ஸ்க்ரம் சரிந்தால் முகம்தான் முதலில் மண்ணைத் தொடும். ஆகையால் ஹூக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரைவிட முக்கியமான சொந்தம் கிடையாது.

என் இடப்பக்க ப்ராப் ஒரு சீனர், இரும்புக்கடை வைத்திருக்கிறார். வலப்பக்கம் ராணுவத்தில் ஓய்வு பெற்ற மலாய்க்காரர். கண்ணைக் கட்டிவிட்டாலும் இருவரையும் வாசனையில் பிரித்துச் சொல்வேன். ஒருவர் ஆட்டத்துக்கு முன்னால் கழுத்து முழுக்கக் கோடாலித் தைலம் பூசுவார். இன்னொருவர் மனைவி கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார், சம்பால் நெடி இடைவேளை வரை இருக்கும். மூன்று பேரும் அரசியல் பேசினால் ஐந்து நிமிடத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வோம். ஸ்க்ரமில் மூஞ்சியைத் திருப்பினால் காது போய்விடும்.

சரி, மூத்தோர் ரக்பிக்கு வருகிறேன். இது 35 வயது தாண்டியவர்களின் ஆட்டம். உலக அளவில் இதற்கு ஒரு விழா வேண்டும் என்று நியூசிலாந்துக்காரர்கள் நினைத்து, 1979இல் ஆக்லாந்தில் கோல்டன் ஓல்டீஸ் விழாவைத் தொடங்கினார்கள். அப்புறம் அது நாடு நாடாகச் சுற்றியது. அங்கே கோப்பை கிடையாது, வெற்றியாளர் பட்டியல் கிடையாது. யார் எத்தனை புள்ளி என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஸ்க்ரமில் தள்ளக் கூடாது. கட்டிப்பிடித்து நிற்கலாம், பந்தைப் போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். இந்த வயதில் கழுத்து போனால் போனதுதான். தலையில் அடிபட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே வெளியே வந்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது. நெஞ்சுப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று நாங்கள் புதியவர்களுக்குச் சொல்வது இதெல்லாவற்றுக்கும் முன்னால்.

எனக்கு மிகவும் பிடித்த விதி கால்சட்டை விதி. வயதில் மூத்தவர்கள் வேறு நிறத்தில் கால்சட்டை போட்டுக்கொள்வார்கள். நிறத்தைப் பார்த்தே இவரைப் பிடித்து நிறுத்தலாம் ஆனால் கீழே தள்ளக் கூடாது, அவரைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொள்ளலாம். எந்த வயதுக்கு எந்த நிறம் என்பது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். இதில் ஜப்பானியர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே 40 வயதுக்காரர்களுக்கு வெள்ளை, 50க்குக் கருநீலம், 60க்குச் சிவப்பு, 70க்கு மஞ்சள், 80க்கு ஊதா. ஆமாம், 80 வயதில் ரக்பி. டோக்கியோவில் 1948இல் தொடங்கிய மூத்தோர் சங்கத்தின் பெயர் ஃபுவாக்கு. நாற்பது வயதில் எனக்குக் குழப்பம் தீர்ந்தது என்று கன்ஃபூசியஸ் சொன்னாராம், குழப்பமில்லாதவர்கள் என்று அதற்குப் பொருள். கியூஷுவில் இருக்கும் சங்கம் அதே எழுத்தை வைத்து மெய்வாக்கு என்று பெயர் வைத்துக்கொண்டது. மெய்வாக்கு என்றால் தொந்தரவு. கிழவர்கள் தங்களைத் தாங்களே தொந்தரவு என்று சொல்லிக்கொண்டு விளையாட வருகிறார்கள் பாருங்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பத்துப் பேர் ஆடும் ரக்பி, பாதிக்குப் பத்து நிமிடம், இது மலேசியாவில் பிறந்தது. பல பள்ளிகளின் பழைய மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கோப்ரா சங்கம் 1967இல் நடத்திய போட்டி அது. 15 பேர் கிடைக்காத ஊரில், இந்த வெயிலில், பத்துப் பேர் பத்து நிமிடம் என்பது நியாயமான கணக்கு. இன்றைக்கு இங்கே வயதானவர்கள் ஆடுவதும் பெரும்பாலும் பத்துப் பேர் ஆட்டம்தான். அதற்கும் முன்னால் 1921இல், எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் ஒரு கோப்பை கொடுத்துவிட்டுப் போனார்கள். மாநிலங்கள் அதற்காக மோதிக்கொண்டன. அந்தக் கப்பலைக் கட்டக் காசு கொடுத்தது மலாய் மாநிலங்கள். அந்தக் காசு ஈயத்திலும் ரப்பரிலும் வந்தது. ரப்பரை யார் எடுத்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெர்டேக்கா சதுக்கத்துப் பாடாங்கைக் கடந்து போகும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். துரைமார் ரக்பி ஆடிய புல் அது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

எனக்கு 41 வயது. கோலாலம்பூரில் ஒரு மூத்தோர் விழா, எனக்கு அதுதான் முதல் விழா. இங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும் என்பதால் காலையிலேயே ஆட்டங்களைத் தொடங்கிவிடுவார்கள். இரவு மழையில் புல் ஊறிக் கிடந்தது. எதிரணி ஜப்பானிலிருந்து வந்தது. விதிகளையெல்லாம் காலையில் கூட்டி வைத்துச் சொன்னார்கள். நான் அந்த நேரம் காதுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். பாதி கேட்டேன், பாதி கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு குவியலுக்கு அடியில் கிடந்து எழுந்திருக்கிறேன். கண்ணில் சேறு. எதிரே ஒருவர் பந்தோடு வருகிறார். எங்கள் ஆட்கள் எல்லாரும் விலகுகிறார்கள். ஒருவர் பாய்வது மாதிரி பாய்ந்து வேண்டுமென்றே தவறவிட்டுப் புல்லில் உருள்கிறார். இன்னொருவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். இதெல்லாம் நாடகம் என்று எனக்கு உறைக்கவில்லை. என்னடா இவர்கள், ஒருவரையும் பிடிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். 28 வருடப் பழக்கம். தோளைத் தாழ்த்தி, இடுப்பைக் கட்டி, இழுத்துச் சாய்த்தேன்.

விழுந்த பிறகுதான் பார்த்தேன். ஊதாக் கால்சட்டை. 81 வயது என்று பின்னால் சொன்னார்கள்.

விசில் சத்தம்கூட வரவில்லை. நடுவர் ஊத மறந்துவிட்டார். "மச்சா, என்ன செய்துவிட்டாய்?" என்று என் இரும்புக்கடை நண்பர் கேட்டது மட்டும் கேட்டது. தாத்தா மல்லாந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. பந்து மட்டும் நெஞ்சோடு நெஞ்சாக, இரண்டு கையாலும் இறுக்கி. நான் முட்டி போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார். ஒரு கையை என் பக்கம் நீட்டினார், தூக்கிவிடு என்று. தூக்கினால் எடையே இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார்.

ரக்பிக்காரர்கள் மூன்றாம் பாதி என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் கைதட்டி வழி விடுவது, அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அதில் ஒரு பொய் நீதிமன்றமும் நடக்கும். துடைப்ப நூலைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் நீதிபதியாக உட்காருவார். அன்றைக்கு என் வழக்குதான் முதலில். தண்டனை, ராத்திரி முழுக்கத் தாத்தாவுக்கு நான் பரிமாற வேண்டும், அவர் பையைச் சுமக்க வேண்டும். நான் குடிப்பதில்லை. எங்கள் ராணுவ நண்பரும் குடிப்பதில்லை. ஆகவே மேசையில் ஒரு பக்கம் பீர், ஒரு பக்கம் மாமாக் கடையிலிருந்து பையில் கட்டி வந்த தே தாரிக். தாத்தாவுக்குத் தே தாரிக் பிடித்துப் போய்விட்டது. நாலு முறை வாங்கி வந்தேன்.

ஒவ்வொரு அணியும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றார்கள். எங்கள் அணிக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். என் பாட்டி பால்மரக் காட்டில் பாடிய தெம்மாங்கு ஒன்று எனக்கு நாலு வரி தெரியும். அதையே மூன்று தடவை பாடினேன். ஜப்பானியர்கள் தாளத்தை எங்கேயோ பிடித்துத் தட்டினார்கள். போகும்போது தாத்தா ஒருவரை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் ஒன்று சொன்னார். "பத்து வருஷத்துக்கு மேலாக எல்லாரும் எனக்கு வழி விடுகிறார்கள். அலுத்துவிட்டது. நாளைக்கும் பிடி" என்றார். மறுநாள் நடுவர் என்னை அவர் இருக்கும் பக்கமே விடவில்லை.

நம் ஆண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 50 வயதுக்கு மேல் நாம் பழைய கூட்டாளிகளைப் பார்ப்பதெல்லாம் கல்யாண மண்டபத்திலும் சாவு வீட்டிலும்தான். அங்கேயும் "எப்படி இருக்க?" "இருக்கேன்". அத்தோடு சரி. வாட்சாப்பில் காலை வணக்கப் படம் அனுப்புகிறோம். கீழே விழுந்தால் கைகொடுக்க ஆள் வேண்டும் என்றால், விழுவதற்கு ஓர் இடமும் வேண்டும் அல்லவா? ரக்பிதான் ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேரமாக இருந்தால்கூடப் போதும், வாரத்தில் ஒரு நாள், அதே நாலு பேர்.

எங்கள் இரும்புக்கடை நண்பருக்கு மூன்று வருடம் முன்னால் நெஞ்சில் பைபாஸ் செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வர அட்டவணை போட்டோம், அவர் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். என் முறை வியாழக்கிழமை. காரில் போகும்போதும் வரும்போதும் அவர் ஒன்றும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். ஒரு வியாழன் திடீரென்று, "இனிமேல் உன் இடப்பக்கம் யார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் கோட்டோரம் கொடி பிடிக்கிறார். அநியாயமாக எங்களுக்குச் சாதகமாகப் பிடிக்கிறார்.

வருகிற ஜனவரியில் எனக்கு 60. எங்கள் வழக்கப்படி சிவப்புக் கால்சட்டை. என்னைப் பிடிக்கலாம், தள்ளக் கூடாது. போன பயிற்சியில் இளைஞன் ஒருவன், இளைஞன் என்றால் 38 வயது, இப்போதே எனக்கு வழி விட்டுப் பார்த்தான். "அங்கிள், பழகிக்கொள்கிறேன்" என்றான். அவனை நன்றாகத் திட்டிவிட்டேன். என்ன வார்த்தை என்று வானொலியில் சொல்ல முடியாது.

ஆனாலும் விதி விதிதான். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த தையல்காரரிடம் சிவப்புத் துணி எடுத்துக் கொடுத்தேன். "என்னண்ணே, கோயில் தொண்டர்படைக்கா?" என்றார். ரக்பிக்கு என்றேன். அளவு எடுத்த நாடாவை என் இடுப்பிலேயே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நேற்று தைத்து வாங்கி வந்து மேசை மேல் வைத்தேன். என் மனைவி ரொம்ப நேரம் அதைத் தொடவில்லை. அப்புறம் எடுத்து, துணியைத் தேய்த்துப் பார்த்து, "சாயம் போகும் போல இருக்கிறது. ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள்" என்றார். வாளியில் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். வணக்கம்.