பெலேவுக்குச் சிலை வைத்தோம், சரி

(பெங்களூரில் கால்பந்து ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

பந்தாட்டக்காரர்கள் நிறைந்த அவையில் ஒலிபெருக்கியை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருப்பது ஆபத்து. 'பாஸ் கொடுப்பா!' என்று யாராவது கத்திவிடுவீர்கள். ஆகவே நேராக வழக்குக்கு வருகிறேன். நம் ஊரில் பிறந்த ஆட்டக்காரர்களை நம்மைவிடக் கொல்கத்தாக்காரர்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு.

அகமது கானை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் மனிதர். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஆடியவர். ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று நையப்புடைத்ததே, அந்த ஒன்று அவர் அடித்தது. அவரும் கே.பி. தன்ராஜும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார்கள். அங்கே ஐந்து முன்கள ஆட்டக்காரர்களுக்குப் 'பஞ்ச பாண்டவர்' என்றே பெயர் விழுந்தது. 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கொல்கத்தாவின் பழம்பெரும் கால்பந்துப் பரிசான ஐ.எஃப்.ஏ. கேடயம் அந்த அணிக்கு. நாடு பிரிந்து, வீடுவாசலை விட்டுவிட்டுக் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த கிழக்கு வங்க மக்களின் அணி அது. அவர்கள் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடியது தெற்கிலிருந்து போனவர்களை. பந்து அகமது கானின் காலைவிட்டு அகலாமல் ஆடுவதைப் பார்த்துப் 'பாம்பாட்டி' என்றார்கள். தாத்தா சொல்லி அப்பாவுக்கு, அப்பா சொல்லிப் பிள்ளைக்கு என்று அந்தப் பெயர் அங்கே இறங்கி வந்திருக்கிறது. அவர் கடைசிக் காலத்தைக் கழித்ததென்னவோ நம் ஊரில்தான். 2017-இல் மறைந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் எழுந்து நின்றிருப்போம்?

அருமைநாயகம் இன்னொருவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியில் இருந்தவர். கொல்கத்தாவின் இன்னொரு பெரிய அணியான மோகன் பாகானின் இடது விங்கர். பெயரிலேயே தமிழ் மணக்கிறது. ஆனால் அவரைப் பற்றிக் கதை கேட்க வேண்டுமென்றால் மோகன் பாகான் ரசிகரைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நம் ஊர் ஆஸ்டின் டவுன்காரர்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. கார்ல்டன் சாப்மன்தானே? வருகிறேன். 1993-இல் ஆசிய நாடுகளில் கோப்பை வென்ற கிளப் அணிகள் மோதுகிற 'கோப்பை வென்றோர் கோப்பை'ப் போட்டியில் ஈராக்கின் அல் சவ்ரா அணியை ஈஸ்ட் பெங்கால் 6-2 என்று தோற்கடித்தபோது ஹாட்ரிக் அடித்தவர் நம் சாப்மன். இந்திய அணிக்கும் தலைவராக இருந்தார். 2020 அக்டோபரில், ஐம்பது வயது நிறைவதற்குள் போய்விட்டார். ஆஸ்டின் டவுன் அவரை மறக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்டின் டவுனைத் தாண்டி அரை மைல் போய்க் கேட்டுப் பாருங்கள்.

கொல்கத்தாவுக்குப் போனவர்களுக்காவது நினைவில் வைக்க ஓர் ஊர் கிடைத்தது. போகாமல் இங்கேயே இருந்தவர்கள்?

தூரவாணி நகர் ஐ.டி.ஐ. அணியைச் சொல்கிறேன். இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், தொலைபேசி செய்கிற தொழிற்சாலையின் அணி. அந்தக் காலத்துக் கம்பெனி அணிகளில் ஆட்டக்காரனும் ஊழியன்தான். விளையாட்டுத் தகுதியில் வேலை, கொஞ்ச நேரம் தொழிற்சாலை, பிறகு மைதானம். பக்கத்து மேசைக்காரன்தான் ரசிகன். சனிக்கிழமை கோலைத் தவறவிட்டால் திங்கட்கிழமை கேன்டீனில் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்! அந்த அணி 1977-இல், நாடெங்குமுள்ள கிளப் அணிகள் மோதுகிற ஃபெடரேஷன் கோப்பை முதன்முதலாக நடந்தபோது, எர்ணாகுளத்தில் இறுதிப் போட்டியில் மோகன் பாகானை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அதே மோகன் பாகான், அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று, ஈடன் கார்டனில் யாரோடு ஆடியது தெரியுமா? பெலே இறங்கிய நியூயார்க் காஸ்மாஸோடு. ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது.

நம் ஊர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு சேர்த்து நம் மக்கள் வைத்தது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பெலே இருந்த அணியோடு சமன் செய்தவர்களை, சில மாதங்களுக்கு முன்பு தோற்கடித்தவர்கள் நம் பழைய மதராஸ் சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த ஆட்கள். சிலைக்கு மாலை போடுகிற பையனுக்கு இதை நாம் சொல்லியிருக்கிறோமா?

இளைஞர்களை நான் குறை சொல்ல வரவில்லை. கண்டீரவா மைதானத்தின் மேற்குப் பகுதியில் பெங்களூரு எஃப்.சி. அணிக்காக நின்று பாடுகிற பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். அந்த அணிக்கு ஆடிய ஜான் ஜான்சனா, யுவானனா, தடுப்பாட்டத்தில் யார் பெரியவர் என்று இன்றைக்கும் சண்டை போடுவார்கள். 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று அடித்து, ஆசிய கிளப் அணிகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போன இரவை நிமிடக் கணக்கில் ஒப்பிப்பார்கள். நினைவு என்பது இப்படித்தான் நிற்கும், சண்டை போட்டு, திரும்பத் திரும்பப் பேசி. நாம்தான் பேசவில்லை. பேசினாலும், 'அந்தக் காலத்து ஆட்டம் வருமா?' என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறோம். எந்தக் காலம், எந்த ஆட்டம், யார் காலில் பந்து என்று ஒரு விவரமும் கிடையாது. இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் ஆட்டக்காரருக்கு வயது ஏற ஏறக் கோலும் ஏறும்! அதுகூடப் பரவாயில்லை. பெருமூச்சைவிடப் பொய்க் கோல் மேல்.

முன்வரிசையில் ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அடுத்து ஒலிபெருக்கி உங்களுக்கு. ஸ்கோர் எங்களுக்குத் தெரியும், அது வேண்டாம். யார் எந்தக் காலால் உதைப்பார், யாருக்குக் கோபம் வரும், கோப்பையோடு ஊர் திரும்பிய நாள் தொழிற்சாலையில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள். அந்தத் தம்பி கைப்பேசியில் பதிவு செய்துகொள்வார். மெதுவாகவே சொல்லுங்கள், ஐயா.