தூண்டிலைச் செய்தவனுக்கு முள் எங்கே என்று தெரியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மேல்நிலை வகுப்பில் கணினி விளையாட்டு வடிவமைப்பையும் நிரலாக்கத்தையும் பாடமாக வைக்கலாமா என்பது கேள்வி. வைக்க வேண்டும் என்கிற அணியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மூன்று விஷயம் சொன்னார்: பிள்ளைகள் ஏற்கெனவே திரையிலேயே கிடக்கிறார்கள், கணக்கும் இயற்பியலும் படிக்கிற வயதில் இது நேர விரயம், எல்லாருக்கும் கேம் கம்பெனியில் வேலையா கிடைக்கப்போகிறது என்று.

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், என் வழக்கே அதில்தான் இருக்கிறது.

ஒரு பாத்திரம் குதிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு மாணவி எழுதுகிறாள், பட்டனை அழுத்தினால் மேலே போ, அப்புறம் கீழே வா என்று. ஓட்டிப் பார்த்தால் லிஃப்ட் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது. தொடக்கத்தில் மேல்நோக்கி ஒரு வேகம் கொடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் படம் புதிதாக வரையப்படுகிற ஒவ்வொரு முறையும், ஈர்ப்புக்காக அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வந்தால்தான் அது உச்சியில் ஒரு கணம் தயங்கிவிட்டு விழும். இயற்பியல் வகுப்பில் மனப்பாடம் செய்த சமன்பாடு இப்போது அவளுக்கே தேவைப்படுகிறது! சரி, குதித்தாயிற்று. அதையே தோழியின் கணினியில் போட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. இவள் கணினி நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டுகிறது, அது 120. ஃப்ரேமுக்கு இத்தனை புள்ளி நகர் என்று எழுதியதுதான் தப்பு, நொடிக்கு இத்தனை புள்ளி என்ற வேகத்தை, முந்தைய ஃப்ரேமுக்குப் பிறகு கடந்த நேரத்தால் பெருக்கியிருக்க வேண்டும். தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம் என்று சின்ன வகுப்பிலேயே படித்ததுதான், ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறாள். இதை நேர விரயம் என்று என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

நிரலாக்கம் மட்டும் போதாதா, வடிவமைப்பு எதற்கு என்றும் கேட்கலாம். 1978இல் ஜப்பானிய வடிவமைப்பாளர் டோமோஹிரோ நிஷிகாடோ, வரிசையாக இறங்கி வரும் எதிரிகளைச் சுடுகிற 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டைச் செய்தபோது, எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகமாக நகர்ந்தன, வரைய வேண்டியது குறைந்ததால் வந்த விளைவு அது. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார், விளையாடுகிறவருக்குக் கடைசி நிமிடப் படபடப்பு கிடைத்தது. இயந்திரத்தின் குணமும் மனிதனின் குணமும் தெரிந்தவரால்தான் அப்படி முடிவெடுக்க முடியும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறோம்.

திரையில் கிடக்கிறார்கள் என்ற கவலை எனக்கும் உண்டு, நண்பரே. தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, தோற்கிற நேரம் பார்த்து ஒரு சலுகை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கிற பெட்டி, இதெல்லாம் யாரோ யோசித்து வைத்த கண்ணிகள். பரிசு வரும் வாய்ப்பை நூற்றுக்கு ஒன்று என்று தன் கையாலேயே நிரலில் எழுதிப் பார்த்த பையன், அடுத்த முறை அந்தப் பெட்டியைத் திறக்கும் முன் யோசிப்பான். போனைப் பிடுங்கி வைப்பதைவிட இதை நம்புகிறேன்.

வேலை? எல்லாரும் கேம் செய்யப்போவதில்லை, உண்மை. ஆனால் கேம் எஞ்சின்கள், அதாவது கேம் செய்வதற்கு அடித்தளமாக இருக்கும் மென்பொருள்கள், கட்டட வடிவமைப்பிலும் மருத்துவப் பயிற்சியிலும்கூட ஓடுகின்றன. கேம் செய்து பழக ஸ்க்ராட்ச், கோடோ மாதிரிக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு நிபந்தனையை என் அணியின் சார்பிலேயே வைக்கிறேன். பாடத்தைக் கொண்டுவந்து, 'கேம் என்றால் என்ன, ஐந்து மதிப்பெண்' என்று வினாத்தாளாக்கிவிடாதீர்கள். மாணவர் செய்த கேமையும், எங்கே தப்பானது, எப்படிச் சரிசெய்தார் என்று எழுதிய குறிப்பேட்டையும் மேசையில் வையுங்கள், ஆசிரியர் உட்கார்ந்து விளையாடிப் பார்த்து மதிப்பெண் போடட்டும். நன்றி.