கேள்வி பதில்: சேலை இடுப்பில் எப்படி நிற்கிறது?

வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. அதனால் அதை முதலில் எடுக்கிறேன். மூதூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: “ரீச்சர், தமிழ் விக்கிப்பீடியாவில் சேலை பற்றிய பகுதியை விரித்து எழுதினேன். பழைய இலக்கியம், பட்டு, திருமணம் எல்லாம் சேர்த்தேன். வாசித்த ஒருவர், புதிதாக வருபவருக்கு இது விளங்காது என்று எழுதிவிட்டார். இதற்கு மேல் என்ன எழுதுவது?”

தன் முதல் வரியையும் அனுப்பியிருக்கிறார்: “சேலை தொன்றுதொட்டுப் பெண்களின் பண்பாட்டு அடையாளமாகத் திகழும் ஆடை.” மகள், இந்த வரியில் சேலை எங்கே இருக்கிறது? தைத்ததா, தைக்காததா? ஒரு துண்டா, இரண்டா? தலையால் போடுவதா, இடுப்பில் சுற்றுவதா? சேலையைக் கண்ணாலே காணாத ஒருவர் இதை வாசித்தால் தொப்பியைக்கூட நினைத்துக்கொள்ளலாம்.

இடுப்பில் சுற்றும் சாரம் பற்றி முன்பு பேசியபோது சொன்னதுதான், திரும்பவும் சொல்கிறேன். முதல் வரியில் துணி தெரிய வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்: “சேலை என்பது ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமும் உள்ள தைக்காத ஒரே துணி. அதை இடுப்பில் சுற்றி, முன்னால் கொய்யகம் வைத்துச் செருகி, மீதியைத் தோளில் போட்டு உடுப்பார்கள்.” கொய்யகம் என்று சொன்ன உடனே, துணியைக் கையில் மாறி மாறி மடித்து அடுக்குவது என்று அரை வரி சேருங்கள். அழகு, அடையாளம் எல்லாம் பிறகு வரலாம்.

ஒருமுறை திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தில், வெளிநாட்டுக்காரர் ஒருவர் புது வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இது எப்படி இடுப்பில் நிற்கிறது? வேட்டியின் வரலாறு அவருக்கு அப்போது வேண்டாம், கோயிலுக்குள் அவிழாமல் போய்வந்தால் போதும். சுற்றி, ஓரத்தை இறுக்கிச் செருகி, மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் நிற்கும் என்று காட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வேட்டி பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நாலு முழம், எட்டு முழம், கரையின் அகலம் எல்லாம் இருந்தன. அந்தச் செருகல் மட்டும் ஒன்றிலும் இல்லை. நாங்கள் தினமும் செய்வதால் அது எங்கள் கண்ணுக்கே படுவதில்லை.

சேலையிலும் அதேதான். உள்பாவாடை இல்லாமல் இன்றைய கட்டு நிற்காது. அதன் நாடாவை இறுக்கிக் கட்டி, அதற்குள்தான் சேலையைச் செருகுகிறோம். வலப்பக்கம் செருகி ஒரு சுற்று, முன்னால் ஐந்தாறு மடிப்பு, இன்னொரு சுற்று, பிறகு இடது தோள். உங்கள் கட்டுரையில் காஞ்சிபுரம் இருக்கிறது, பனாரஸ் இருக்கிறது, உள்பாவாடையைக் காணவில்லை. தெரிந்தவர் சொல்லாமல் விட்டதைத்தான் தெரியாதவர் தேடி வருகிறார்.

இடம் வலம் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியரின் கிமோனோ உடையில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே விட்டு உடுத்துவது இறந்தவருக்கு. அதை ஒரு கட்டுரை சொல்லாமல் விட்டால், அதை நம்பி உடுத்துபவரின் நிலை என்ன?

வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடுக்கத் தெரிந்த பிறகு அது சுவையாக இருக்கும். இன்று பலரும் ஆதிகாலத்துக் கட்டு என்று நினைக்கும் முறைக்குள் புதிய சேர்க்கைகள் உண்டு. 1860களில் பம்பாயில் இருந்த ஞானதானந்தினி தேவி, பார்சிப் பெண்கள் உடுத்துவதைப் பார்த்துத் தழுவிக்கொண்டு, மேற்சட்டையும் உள்பாவாடையும் சேர்ந்த கட்டை வங்காளத்தில் பரப்பினார். தாகூர் குடும்பத்து மருமகள் அவர். அதனால் ‘தொன்றுதொட்டு’ என்று எழுதும்முன் எந்தக் கட்டு, எந்தக் காலம் என்று பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். உண்மையில் இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்: அது யாருடைய சேலை? எங்கள் திருகோணமலையில் ஒரே பஸ்சில் எத்தனை கட்டு ஏறுகிறது, பார்த்திருக்கிறீர்களா? சிங்களப் பெண்களின் ஒசரி என்ற சேலைக்கட்டில் இடுப்பைச் சுற்றி ஒரு மடிப்பு வரிசை வெளியே விரிந்து நிற்கும். சைவத் திருமணத்தில் மணமகள் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச்சேலையை மாற்றி உடுத்திக்கொண்டு வந்த பிறகுதான் தாலி ஏறும். கிண்ணியாவிலும் மூதூரிலும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முக்காடு போட்ட முஸ்லிம் உம்மாமார் எத்தனை பேர்! அபாயா பரவிய பிறகு அந்தக் கட்டு குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லையே மகள். மூதூரில் இருந்துகொண்டு காஞ்சிபுரத்தை எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் உம்மம்மா இருக்கிறாரா? இருந்தால் அவரை உடுக்கச் சொல்லி, சம்மதம் கேட்டு, ஒவ்வொரு படியாகப் படம் எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையும் துணியும் போதும். படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் ஏற்றலாம். ஆனால் அவர் வாயால் சொன்ன செய்தியை அப்படியே கட்டுரையில் போட முடியாது, அச்சில் வந்த சான்று கேட்பார்கள். அதற்கு ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் பழைய கிழக்கிலங்கைச் சிறப்பு மலர்களைத் தேடிப் பாருங்கள்.

படத்துக்குக் கீழே ‘அழகிய பாரம்பரியச் சேலை’ என்று மட்டும் எழுத வேண்டாம். ‘முதல் சுற்று முடிந்து, கொய்யகத்தை உள்பாவாடைக்குள் செருகுகிறார்’ என்று எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். சேலை கட்டவே தெரியாத என் பேரனிடம் வாசிக்கக் கொடுத்து, அவன் எந்த இடத்தில் விளங்காமல் நிற்கிறான் என்று சொல்கிறேன்.