டிக்கெட்டில் இருக்கும் மணி

நேயர்களுக்கு வணக்கம். திங்கள்சந்தையில் இருக்கிற என் சித்தி ஒரு நாள் காலையிலேயே போன் செய்து அழுதார். மகன் அன்றுதான் முதல்முறையாகத் துபாய்க்கு விமானம் ஏறியிருந்தான். டிக்கெட்டில் புறப்பாடு 4.00, சேருவது 6.45. "ரெண்டே முக்கால் மணி நேரந்தானே மக்கா, மணி ஏழரை ஆச்சு, இன்னும் விளிக்கல்லியே" என்றார்.

தம்பி அப்போது வானத்தில்தான் இருந்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 6.45 என்றால் இங்கே 8.15. ஆக, பயணம் நாலே கால் மணி நேரம். திரும்பி வரும்போது கணக்கு மாறும். இரவு 10 மணிக்கு ஏறினால் விடிகாலை 3.30 என்றிருக்கும். ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும், உண்மையில் நாலுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் நேர்கோட்டில் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விமானம் மணிக்கு 800, 900 கிலோமீட்டர் போகிறதே, அப்புறம் ஏன் நாலே கால்? நிற்கிற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, அங்கே போய் நிற்கிறவரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். குளிர்காலத்தில் அரேபியப் பக்கம் உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும்.

சென்னைக் கணக்கு வேறு. திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லையே! நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகவே 70 கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தபிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். களியக்காவிளையும் பாலராமபுரமும் இன்றும் நெருக்கடிதான். சாலைக்கு இரண்டு மணி நேரம், முன்கூட்டிப் போய்க் காத்திருக்க இரண்டு, அங்கே இறங்கி வீடு சேர ஒன்று. ஆறு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். 2024-இல் வந்த வந்தே பாரத் ரயில் ஒன்பது மணி நேரத்தில் சென்னையில் விடுகிறது. ராத்திரி ரயிலில் 12 மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் தூங்கிக்கொண்டே போகலாம். என்னைக் கேட்டால், அவசரமில்லாத பயணத்துக்கு ராத்திரி ரயில்தான். துக்கம், ஆஸ்பத்திரி என்றால் விமானம்.

துபாயிலிருந்து வருகிறவர்களை அழைக்கப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலமே வேனில் கிளம்பிவிடுகிறீர்கள். வேண்டாம். அங்கே விமானம் புறப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். புறப்பட்ட பிறகும் நாலு மணி நேரம் இருக்கிறது. இறங்கியவர் பாஸ்போர்ட் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வர இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். சரி, புறப்பட்ட சேதி வந்து ஒன்றரை மணி நேரம் கழித்து நாகர்கோவிலில் வண்டி எடுத்தால்கூடப் போதும். குழந்தைகள் அதுவரை வீட்டில் தூங்கட்டும்.

வணக்கம்.