ரிஷிகேஷில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்: கங்கையை உட்கார்ந்தும் நடந்தும் மிதந்தும் பார்க்கலாம்

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ரிஷிகேஷில் ஜானகி சேது பாலத்தின் நடுவில் நிற்கிறேன். 2020இல் திறந்த பாலம் இது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் முனி கி ரேதி, வலது கைப்பக்கம் ஸ்வர்க் ஆசிரமம். எல்லாவற்றையும் சேர்த்து ரிஷிகேஷ் என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் முனி கி ரேதிக் கரை டெஹ்ரி மாவட்டம், ஸ்வர்க் ஆசிரமக் கரை பவுரி மாவட்டம், கொஞ்சம் கீழே இருக்கிற ரிஷிகேஷ் டவுன் டேராடூன் மாவட்டம்.

நம்ம ஊரிலிருந்து வருகிற டூர் பஸ்களில் பலவும் ஹரித்வாரில் ரூம் போட்டுவிட்டு மதியத்துக்கு மேல் ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கும். பாலத்தில் ஒரு போட்டோ, ருத்ராட்சக் கடை, ஆரத்தி, உடனே திரும்ப பஸ். அப்படி வந்துபோன பெரியவர்கள் சிலர் "ரிஷிகேஷ்ல என்னப்பா இருக்கு, ஒரே கூட்டம்" என்று என்னிடம் சொன்னார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் கூட்டத்தைத் தவிர வேறு எதைப் பார்க்க முடியும்? ஹரித்வாருக்கும் இதற்கும் 25 கிலோமீட்டர்தான். அங்கே போடுகிற ரூமை இங்கே போடுங்கள். இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். இந்த வீடியோவில் நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் ஆரத்தியைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். இரண்டு இடம் பிரபலம். ஒன்று ஸ்வர்க் ஆசிரமத்துப் பக்கம் பரமார்த் நிகேதன். அங்கே ஆசிரமத்தில் படிக்கிற சிறுவர்கள் வரிசையாகப் படிக்கட்டில் உட்கார்ந்து பாடுவார்கள், எதிரே ஆற்றுக்குள் பெரிய சிவன் சிலை. வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். இன்னொன்று டவுனுக்குள் திரிவேணி காட். உள்ளூர்க் குடும்பங்கள் அதிகம் வருகிற படித்துறை. மாவு உருண்டை வாங்கி மீனுக்குப் போட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள், பாட்டியைக் கையைப் பிடித்துப் படி இறக்குகிற மருமகள்கள், அதற்கு நடுவே அடுக்கு விளக்கைத் தூக்கிச் சுற்றுகிற பண்டாக்கள், அதாவது புரோகிதர்கள். என்னைக் கேட்டால் திரிவேணி காட்டுக்குத்தான் என் ஓட்டு. சூரியன் இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்ப் படியில் உட்கார்ந்துவிடுங்கள். விளக்கு விடுவதென்றால் இலையில் செய்த தொன்னையாகப் பார்த்து வாங்குங்கள். பூ, திரி, கற்பூரம் எல்லாம் அதிலேயே வைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். அது கரையேறிக் கல் இடுக்கில் அப்படியே கிடக்கும்.

குளியல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது முக்கியம். மேலே பார்த்தால் தண்ணீர் சாதுவாகப் போகிற மாதிரி இருக்கும். அடியில் இழுப்பு பயங்கரம். படித்துறைகளில் இரும்புச் சங்கிலி கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு முழுக்குப் போடுங்கள், அதைத் தாண்டிப் போகவே கூடாது. மணல் திட்டு அழகாக இருக்கிறதே என்று ஆளில்லாத இடத்தில் இறங்காதீர்கள். காவிரியில் நீச்சல் பழகியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர். சித்திரை வெயிலிலும் காலை வைத்த உடனே மரத்துப்போகும்.

சரி, முனி கி ரேதிப் பக்கம் மேட்டில் தெரிகிற கட்டடங்களைப் பாருங்கள். அது சிவானந்த ஆசிரமம். தமிழ்க்காரர்கள் அவசியம் போக வேண்டிய இடம். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடை, பாய்க்குப் பேர்போன ஊர், அங்கே 1887இல் பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார், மலாயாவில் ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1924இல் இங்கே வந்து சந்நியாசம் வாங்கி சுவாமி சிவானந்தர் ஆனார். ஆனால் டாக்டர் வேலையை மட்டும் விடவில்லை. சாதுக்களுக்கும் யாத்திரை போகிறவர்களுக்கும் இலவசமாக மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். 1936இல் டிவைன் லைஃப் சொசைட்டி தொடங்கினார், தமிழில் தெய்வ நெறிக் கழகம் என்பார்கள். ஆசிரமத்தின் தர்ம ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. சுவாமி சின்மயானந்தர் சந்நியாசம் பெற்றதும் இவரிடம்தான்.

அங்கே பஜனை மண்டபத்தில் 1943 டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய நாம சங்கீர்த்தனம் இரவு பகலாக நடந்துகொண்டே இருக்கிறது. ஹரே ராம, ஹரே கிருஷ்ண மகாமந்திரம். நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனேன், மண்டபத்தில் ஒரே ஒரு பெரியவர். கேட்க யாரும் இல்லை. கையில் ஜால்ரா, கண்ணை மூடிக்கொண்டு அதே மூன்று சொற்களைச் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அடுத்தவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், கூடவே சேர்ந்து சொன்னார். இவர் ஜால்ராவை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டு எழுந்து போனார். நாமம் ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. எண்பது வருஷத்துக்கும் மேலாக இப்படிக் கை மாறிக்கொண்டே வருகிறது. கேமராவை உள்ளே எடுத்துப்போகவில்லை, அதனால் உங்களுக்குக் காட்ட முடியவில்லை. நீங்களே வந்து அரை மணி நேரம் உட்காருங்கள். ஆசிரமத்தில் தங்க ஆசையென்றால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். இடம் கிடைத்தால் காலைத் தியானம், சத்சங்கம் என்று அங்கத்திய ஒழுங்குக்கு நாம் மாறிக்கொள்ள வேண்டும்.

யோகா பற்றி ரொம்பப் பேசப்போவதில்லை. தெருவுக்குத் தெரு வகுப்பு இருக்கிறது. ஒரு நாள் வகுப்பும் உண்டு, மாதக்கணக்கில் ஆசிரியர் பயிற்சியும் உண்டு. பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், அவ்வளவுதான்.

பாலத்தின் வலது பக்கம் இறங்கி, ஆற்றோடு தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் சௌராசி குடியா. மகரிஷி மகேஷ் யோகியின் பழைய ஆசிரமம், 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் வந்து தங்கிப் பாட்டு எழுதிய இடம். பிறகு கைவிடப்பட்டுக் காடு ஏறிவிட்டது. வனத்துறை எடுத்துக்கொண்டு 2015 டிசம்பரில் டிக்கெட் போட்டுத் திறந்தது. கூழாங்கல் பதித்த குட்டிக் குட்டித் தியானக் குடில்கள், சுவரெல்லாம் ஓவியம். ராஜாஜி புலிகள் காப்பகத்தின் ஓரம் என்பதால் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பிவிடுங்கள்.

அப்புறம் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் ஆற்றோடு இறங்கி வருவது. கோயில் யாத்திரைக்கு வந்த இடத்தில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்பார்கள். நான் தேவை என்பேன். கரையில் நின்று பார்க்கிற கங்கை வேறு, அதன் முதுகில் உட்கார்ந்து வருகிற கங்கை வேறு. பிரம்மபுரியிலிருந்து வந்தால் குறைந்த தூரம், முதல் தடவைக்கு அது போதும். சிவபுரியிலிருந்து வந்தால் சுமார் 16 கிலோமீட்டர், சுழலும் அலையும் அதிகம். வேகச்சரிவு வரும்போது கைடு கத்துகிற கத்தலில் துடுப்பைத் தவிர வேறு நினைப்பே வராது. அது முடிந்ததும் ஒரு நீளமான அமைதியான பகுதி. கைடு சொன்னால் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி மிதக்கலாம். காது வரைக்கும் தண்ணீர், இரண்டு பக்கமும் மலை. எனக்குப் பக்கத்தில் மிதந்த வடநாட்டு அம்மா ஒருவர் வழி முழுக்க "ஹர ஹர கங்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் வாயில் அதுதான் வந்தது. லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில், ஜூலை ஆகஸ்டில், ராஃப்டிங் கிடையாது.

முட்டி வலி இருக்கிறது, ராஃப்டிங் எல்லாம் முடியாது என்பவர்கள் வண்டி வைத்துக்கொண்டு பத்ரிநாத் சாலையில் மேலே போங்கள். வழியில் வசிஷ்ட குகை வரும். கேரளத்தில் பிறந்த சுவாமி புருஷோத்தமானந்தர் பல வருஷம் இருந்த இடம். உள்ளே ஒரே இருட்டு, விளக்கு மட்டும் எரியும், கண் பழக நேரம் கொடுங்கள். இன்னும் மேலே, ரிஷிகேஷிலிருந்து 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. பெரியாழ்வார் பாடிய திருக்கண்டங்கடிநகர் அதுதான், 108 திவ்ய தேசத்தில் ஒன்று. அலகநந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்று பேர் வாங்குவது அங்கேதான். ஒன்று கலங்கலாகவும் ஒன்று பச்சையாகவும் வந்து சேர்வது பல நாட்களில் நன்றாகவே தெரியும். வைணவக் குடும்பம் என்றால் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சாப்பாடு பெரும்பாலும் சைவம்தான், ரிஷிகேஷ் டவுனுக்குள் கறியும் மதுவும் விற்க அனுமதி இல்லை. இட்லி தோசை கிடைக்கும். ஆனால் கட்வாலிச் சாப்பாடு, அதாவது இந்த மலைப்பகுதிச் சாப்பாடு போடுகிற கடையைத் தேடிப் போங்கள். மண்டுவா ரொட்டி என்பார்கள், அது நம்ம கேழ்வரகு. ஜங்கோரா கீர் என்பது குதிரைவாலிப் பாயசம். சூடாக ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது வரலாம்? அக்டோபர், நவம்பர், இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச். ஜூலை ஆகஸ்டில் காவடி எடுத்து நீலகண்ட மகாதேவர் கோயிலுக்குப் போகிற காவடியாக்கள் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும், ரோடு நகராது. மே, ஜூனில் பத்ரிநாத், கேதார்நாத் என்று சார்தாம் யாத்திரை போகிற வண்டிகள். சனி ஞாயிறு டெல்லிக்காரர்கள் வருவார்கள், அதனால் திங்கள் முதல் வியாழனுக்குள் பாருங்கள். டேராடூன் ஜாலி கிராண்ட் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஹரித்வாரிலிருந்து பஸ்ஸும் உண்டு, விக்ரம் என்று சொல்கிற பெரிய ஷேர் ஆட்டோவும் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: பழைய லக்ஷ்மண் ஜூலா பாலம் பாதுகாப்பில்லை என்று 2019இலேயே அறிவித்துவிட்டார்கள். அந்தப் பெயரை நம்பி எதிர்க்கரையில் ரூம் போடாமல், ஜானகி சேதுவுக்கோ ராம் ஜூலா பாலத்துக்கோ நடக்கிற தூரத்தில் போடுங்கள். பெரியவர்களைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் ரூமிலிருந்து படித்துறைக்கு எத்தனை படி என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.